குடும்பத்தோடு பார்க்கும் அதிரடிப் படங்களில் பிற சமூகத்தவர் ஒருவர் இடம்பெற்றாலே போதாதா?

போதாது என்பதே என் பதில். அந்தப் பாத்திரத்துக்குக் கதையில் என்ன பொறுப்பு தரப்பட்டிருக்கிறது என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

தாராவியிலும் மாட்டுங்காவிலும் தலைமுறைகளாக வாழும் நம்மைப் போன்ற மும்பைத் தமிழர்களுக்கு நெருக்கமான எடுத்துக்காட்டு, 2011-இல் வெளிவந்த ‘ரா.ஒன்’ என்ற இந்திப் படம். அதில் ஷாருக் கான் ஏற்ற சேகர் சுப்ரமணியம், லண்டனில் கணினி விளையாட்டுகளை வடிவமைக்கும் தமிழர். மகன் மீது பேரன்பு கொண்ட தந்தை. ஆனால் அவர் நூடுல்ஸில் தயிர் ஊற்றிக் கையால் சாப்பிடுவதைச் சிரிப்புக் காட்சியாக்கிய அந்தப் படம், வீரச் செயல்களில் பெரும்பாலானவற்றை அவர் இறந்தபின் அவருடைய முகத்தோடு வரும் ஜி.ஒன் என்ற கணினி விளையாட்டு நாயகனுக்கே கொடுத்துவிடுகிறது. பள்ளியில் ‘மதராசி’ என்ற கேலியை ஏற்கெனவே கேட்டிருக்கும் ஒரு பிள்ளை, தன் வீட்டுச் சாப்பாடும் நகைப்புக்குரியதுதான் போலும் என்ற எண்ணத்தோடு திரையரங்கை விட்டு வெளியே வரக்கூடும் என்பது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது.

ராபர்ட் ரோட்ரிகஸ் இயக்கிய ‘ஸ்பை கிட்ஸ்’ (2001) இதற்கு நேர்மாறானது. லத்தீன் அமெரிக்க வேர்களைக் கொண்ட கோர்டெஸ் குடும்பத்தின் பின்னணியை அது கேலிப்பொருளாக்கவில்லை. ஒற்றர்களான பெற்றோரை மீட்கும் பொறுப்பை அக்கா கார்மெனிடமும் தம்பி ஜூனியிடமும் இயல்பாக ஒப்படைக்கிறது. ‘பிளாக் பாந்தர்’ (2018) படத்திலும் அரசனின் தங்கை ஷூரிதான் நாட்டின் தொழில்நுட்பத்தை முன்னின்று நடத்துகிறாள்.

ஆகவே, பிள்ளைகளுக்குப் படம் தேர்ந்தெடுக்கும்போது முடிவெடுப்பவர் யார், சிரிப்புக்கு ஆளாக்கப்படுபவர் யார் என்ற இரண்டையும் கவனியுங்கள்.