வெள்ளைக் கட்டத்துக்கு யார் விதி எழுதுவது?

கேள்வி: நாங்கள் நான்கு நண்பர்கள் சில வருடங்களாக ஹீரோகிளிக்ஸ் (சூப்பர்ஹீரோ பொம்மைகளை வைத்து ஆடும் மேசை விளையாட்டு) விளையாடுகிறோம். செகண்ட் ஹேண்டில் வாங்கிய பொம்மைகள் பலவற்றுக்குச் சக்திகளை விளக்கும் அட்டை கிடையாது. பொம்மையின் அடியில் திருப்பும் வட்டான டயலில் வெள்ளைக் கட்டம் வந்தால் அதற்கான சிறப்புச் சக்தியை நாங்களே எழுதிக்கொள்வோம். ஒரு நண்பர் தன் 100 பாயிண்ட் (அணி சேர்க்கும்போது கணக்கிடும் மதிப்பு) பொம்மைக்கு, ‘தாக்குதல் தவறினால் பகடையை மறுபடி உருட்டலாம்’ என்று எழுதினார். எல்லோரும் சரி என்றோம். அதற்குப் பிறகு அவர் தோற்பதே அபூர்வம். மாற்றச் சொன்னால், ‘நீங்கள் ஒத்துக்கொண்டதுதானே’ என்கிறார். இன்னொருவர் இனி சொந்த விதியே வேண்டாம் என்கிறார். அந்தச் சக்தியை எழுதியவர் இதுவரை ஜெயித்த ஆட்டங்களை எங்கள் வெற்றிக் கணக்கில் வைப்பதா என்றும் தகராறு. என்ன செய்யலாம்?

பதில்: உங்கள் நண்பர் ஏமாற்றவில்லை என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். அவர் எழுதிய வரி பார்க்க மிகச் சாதுவாக இருக்கிறது. நானும் அந்த மேசையில் இருந்திருந்தால் சரி என்றுதான் தலையாட்டியிருப்பேன். அதன் பலம் கணக்குப் போட்டுப் பார்த்தால்தான் தெரியும்.

தாக்குதல் எண் 10, எதிரியின் பாதுகாப்பு எண் 17 என்று வைத்துக்கொள்வோம். 10-ஓடு பகடையைக் கூட்டி 17-ஐ எட்ட, இரண்டு பகடையிலும் சேர்த்து 7 அல்லது அதற்கு மேல் விழ வேண்டும். மொத்தம் 36 விதமாக விழலாம். அதில் 21 உங்களுக்குச் சாதகம், அதாவது சுமார் 58 சதவீதம். தவறினால் இன்னொரு தடவை உருட்டலாம் என்றால் இது சுமார் 83 சதவீதம் ஆகிவிடுகிறது. தாக்குதல் எண்ணை 10-லிருந்து 12 ஆக்கினாலும் இதே அளவுதான் கிடைக்கும். ‘என் பொம்மைக்குத் தாக்குதல் எண்ணில் 2 கூட்டிக்கொள்கிறேன்’ என்று அவர் கேட்டிருந்தால் நீங்கள் யாரும் சம்மதித்திருக்க மாட்டீர்கள். மறுபடி உருட்டுவது என்று கேட்டதால் சம்மதித்தீர்கள். இரண்டு பகடையிலும் ஒன்று விழுந்தால் தாக்கியவருக்கே ஒரு கிளிக் சேதம் (டயலை ஒரு படி திருப்புவது) என்று ஒரு விதி இருக்கிறதே, அதுவும் இவரை அவ்வளவாகத் தொடாது. 36-ல் ஒரு தடவை வர வேண்டியது, முதல் உருட்டல் தவறி, மறுபடி உருட்டும்போதும் இரண்டு ஒன்று விழுந்தால்தான் வரும். அது சுமார் 86-ல் ஒன்று.

இனி அந்த வரியின் சொற்களுக்கு வருவோம். யாருடைய தாக்குதல் தவறினால்? அந்தப் பொம்மையுடையதா, அவர் அணியில் எவருடையதுமா? எத்தனை தடவை மறுபடி உருட்டலாம்? இரண்டாவது உருட்டலும் தவறினால் மூன்றாவது உண்டா? உங்கள் வரியில் எதற்குமே பதில் இல்லை. ஆட்டத்திலேயே ப்ராபபிலிட்டி கன்ட்ரோல் என்று இதே வேலையைச் செய்யும் ஒரு சக்தி இருக்கிறது. தூரம், பார்வைக் கோடு, டர்னுக்கு ஒரு தடவை என்று அதற்கு வேலி போட்டிருக்கிறார்கள். உங்கள் நண்பர் வேலியை எடுத்துவிட்டுச் சக்தியை மட்டும் வைத்துக்கொண்டார். அவருக்கே அது தெரியாமல் இருந்திருக்கலாம்.

டர்னுக்கு ஒரு தடவை என்று சேர்த்தால் போதுமே என்று தோன்றும். போதாது. ஒரு பொம்மை சாதாரணமாக ஒரு டர்னில் ஒரு தடவைதான் தாக்கும். அது தன் தாக்குதலுக்கு மட்டும் இந்தச் சக்தியைப் பயன்படுத்தினால் அந்தக் கட்டுப்பாடு இருந்தும் இல்லாத மாதிரிதான்.

உங்கள் பிரச்சினைக்கு மருந்து டயலிலேயே இருக்கிறது. விஸ்கிட்ஸ் நிறுவனம் 2000-ல் மேஜ் நைட் ஆட்டத்தில் இந்த டயலைக் கொண்டுவந்தது. 2002-ல் ஹீரோகிளிக்ஸிலும் அதையே வைத்தார்கள். அதன் அழகே, காகிதத்தில் கணக்கு எழுத வேண்டாம் என்பதுதான். அடி விழுந்தால் திருப்புகிறோம். எண்கள் மாறுகின்றன, ஒரு சக்தி போய் இன்னொன்று வருகிறது. பொம்மை எந்த நிலைமையில் இருக்கிறது என்பதை அதன் காலடியிலேயே பார்த்துவிடலாம். வெள்ளைக் கட்டமும் அப்படித்தான். அது எந்தெந்தக் கிளிக்கில் தெரிகிறதோ அங்கே மட்டும்தான் அந்தச் சக்தி உண்டு. நீங்கள் அதை ஆட்டம் முழுக்க ஓட விடுகிறீர்களா என்று பாருங்கள். அட்டை இல்லாமல் விளையாடுபவர்கள் அடிக்கடி செய்யும் தவறு இது. முதல் மூன்று கிளிக்கில் மட்டும் வெள்ளைக் கட்டம் இருந்தால், நான்காவது கிளிக்கில் அந்தப் பொம்மை சாதாரண ஆள்தான். எதிரே இருப்பவர்களுக்கும் ஒரு வேலை கிடைக்கிறது: முதலில் அதை அடித்து இறக்க வேண்டும்.

அப்புறம் விலை. வீட்டில் எழுதும் சக்திக்குப் பாயிண்டைக் கூட்டுவதை விட டயலையே விலையாகக் கேட்பது நல்லது என்று நினைக்கிறேன். 100 பாயிண்ட் பொம்மையை 120 என்று வைப்பதா 130 என்று வைப்பதா என்று யாராலும் சரியாகச் சொல்ல முடியாது. அதற்கே ஒரு மாலை போய்விடும். ‘மறுபடி உருட்டினால் உன் டயலை ஒரு கிளிக் திருப்பு’ என்பது எல்லோருக்கும் புரியும். அடுத்தடுத்த டர்னில் ஒரே பொம்மையை இயக்கினால் ஒரு கிளிக் சேதம் என்று ஆட்டத்திலேயே இருக்கிறதே, அதே நியாயம்தான். டஃப்னஸ் மாதிரியான சக்தியால் இந்தச் சேதத்தைக் குறைக்க முடியாது என்பதையும் சேர்த்து எழுதிவிடுங்கள். இல்லாவிட்டால் விலை விலையாகவே இருக்காது.

எல்லாவற்றையும் சேர்த்தால் வரி இப்படி இருக்கும்: ‘இந்தப் பொம்மையின் தாக்குதல் தவறினால், ஒரே ஒரு தடவை பகடையை மறுபடி உருட்டலாம், இரண்டாவது உருட்டலை ஏற்றே ஆக வேண்டும். அந்தத் தாக்குதல் முடிந்ததும் இந்தப் பொம்மைக்கு ஒரு கிளிக் சேதம். அதைக் குறைக்க முடியாது.’ நீளம்தான். ஆனால் யார், எப்போது, எத்தனை தடவை, என்ன விலை என்பதெல்லாம் வந்துவிட்டது. அவுட்விட் வைத்திருக்கும் எதிரி இந்தச் சக்தியையும் முடக்கலாம் என்பதை மறக்க வேண்டாம். வெள்ளைக் கட்டத்தில் இருப்பது முடக்கக்கூடிய சக்தி. நட்சத்திரக் குறியோடு வரும் தனிக்குணத்தை அவுட்விட்டால் தொட முடியாது; வீட்டில் எழுதும் எதையும் அந்த வகையில் சேர்க்காதீர்கள்.

எங்கள் குழுவிலும் ஒரு தடவை மாட்டிக்கொண்டோம். ‘அருகில் இருக்கும் கூட்டாளிக்குப் பாதுகாப்பு எண் 1 கூடும்’ என்று ஒரு சக்தி எழுதினோம். நல்ல விதி என்றுதான் நினைத்தோம். ஒருவர் அதே பொம்மையில் மூன்றைக் கொண்டுவந்து ஒட்டி நிறுத்தினார். ஒவ்வொன்றும் மற்ற இரண்டுக்கும் கொடுக்க, மூன்றுக்கும் 2 கூடிவிட்டது. அன்று ஆட்டம் நகரவே இல்லை. அன்றிலிருந்து எண்ணைக் கூட்டும் எந்த வரியிலும் ‘ஒன்றோடு ஒன்று சேராது’ என்று எழுதுகிறோம்.

சொந்த விதியே வேண்டாம் என்று சொல்லும் நண்பர் பாதி சரி. அட்டையில் இருக்கும் அசல் வரி இன்னொரு சேகரிப்பாளரிடம் இருக்கலாம். முதலில் அதைக் கேட்டு வாங்கப் பாருங்கள். கிடைத்தால் அதுவே விதி, விவாதம் முடிந்தது. போட்டிக்குப் போகும் எண்ணம் இருப்பவர் அச்சிட்ட விதியோடுதான் பழக வேண்டும், வீட்டுப் பழக்கம் அங்கே காலை வாரிவிடும். ஆனால் அட்டை கிடைக்காத பொம்மையை அலமாரியில் பூட்டி வைப்பதில் எனக்கு உடன்பாடில்லை. அது விளையாடுவதற்காகச் செய்த பொம்மை.

விதியை மாற்றும் விதத்தில் ஒரு கவனம் வேண்டும். ஆட்டத்தின் நடுவில் மாற்றாதீர்கள், தோற்ற உடனேயும் மாற்றாதீர்கள். அப்போது எந்தத் திருத்தமும் பழிவாங்கல் போலத்தான் தெரியும். அடுத்த தடவை டயலைத் தொடுவதற்கு முன்னால் புதிய வரியைத் தாளில் எழுதுங்கள், மூன்று ஆட்டத்துக்கு மட்டும் என்று தேதி போடுங்கள். அந்த மூன்றில் ஒன்றில், சக்தியை எழுதியவர் எதிரே உட்காரட்டும். அவருடைய பொம்மையை நீங்கள் ஆடுங்கள். நான் சொன்ன சதவீதக் கணக்கெல்லாம் அவருக்குச் சலிப்பாக இருக்கலாம். தன் பொம்மையிடம் தானே அடி வாங்கும்போது எந்தச் சொல்லை மாற்ற வேண்டும் என்று அவரே சொல்வார்.

கடைசியாக, பழைய வெற்றிகள். அவற்றை அப்படியே விடுங்கள். நான்கு பேரும் ஒத்துக்கொண்ட விதியில் அவர் ஜெயித்தார். அவற்றை அழித்தால், நாளைக்கு யார் எந்த விதிக்குச் சம்மதம் சொன்னாலும் அது எப்போது வேண்டுமானாலும் செல்லாது என்றாகிவிடும். வெற்றிக் கணக்கில் ஒரு கோடு போட்டு, அதற்குக் கீழே புதிய தேதியிலிருந்து எழுதத் தொடங்குங்கள்.