கதவ சாத்துனாலும் சீரியல் சத்தம் நிக்கலையே!

கேள்வி: ஹால்ல மாமியார் சீரியல் வெச்சா ரூம்ல பையனால படிக்க முடியல, கதவுல ஸ்பாஞ்ச் ஷீட் ஒட்டியும் பிரயோஜனமில்ல. என்ன பண்றது?
வாசகி, பாலக்கோடு, தர்மபுரி மாவட்டம்

பதில்: ஸ்பாஞ்ச் ரூமுக்குள்ள வர்ற எதிரொலியத்தான் கொறைக்கும்மா, வெளிச் சத்தத்த தடுக்காது. ராத்திரி ஹால்ல மட்டும் லைட்ட போட்டுட்டு இருட்டு ரூம்லருந்து பாருங்க, வெளிச்சம் கசியுற எடத்துலதான் சத்தமும் கசியும், பெரும்பாலும் கீழ் இடுக்கு. நிலையைச் சுத்தி ரப்பர் பீடிங் (இடுக்க அடைக்குற ரப்பர் நாடா), கதவு அடியில ரப்பர் பட்டை, ரெண்டும் ஹார்டுவேர் கடைல கெடைக்கும், சாத்தும்போது லேசா அழுத்தி மூடுற மாதிரி இருக்கணும். அப்புறம் கதவ தட்டிப் பாருங்க, டொக்டொக்னு கேட்டா உள்ள வெறும் கூடு, மேல 12 எம்எம் ப்ளைவுட் அடிக்கலாம், ஆனா கீல் வெயிட் தாங்குமானு ஆசாரிய கேட்டுக்கங்க. அதுக்கு முன்னாடி மாமியார்கிட்ட ஒரு ஹெட்போன் நீட்டிப் பாருங்களேன், தைரியம் இருந்தா!