தொண்ணூறு வயதுக் காதலியும் பேரே வாவிப் பேயும்

அண்மையில் வாசித்ததில் ரசித்த காதல் நாவல், மாயக்கதை நாவல் எவை என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்கு இரண்டும் ஒன்றாக வந்தால்தான் ருசி. தனிக் காதல் கதை என்றால் வீட்டு அலுமாரியின் மேல்தட்டில் அம்மாவின் ரமணிசந்திரன் கட்டு இருக்கிறது. ஏ.எல். பரீட்சை எழுதிவிட்டு ரிசல்ட்டுக்குக் காத்திருந்த மாதங்களில் அதை முழுதாக முடித்தாயிற்று.

இந்த வருடம் வாசித்ததில் முதலிடம் டயானா வின் ஜோன்ஸின் ‘ஹவுல்ஸ் மூவிங் காசில்’. 1986இல் வந்த புத்தகம். ஜப்பானிய இயக்குநர் மியாசாகி இதை வைத்து 2004இல் எடுத்த படத்தைப் பலரும் பார்த்திருப்பீர்கள், நானும் மூன்று தடவை பார்த்திருக்கிறேன். புத்தகத்தில் இருக்கும் சண்டையும் நக்கலும் படத்தில் பாதிகூட இல்லை.

சோஃபி மூன்று சகோதரிகளில் மூத்தவள். அந்த நாட்டில் மூத்த பிள்ளைக்கு ஒன்றும் சரிவராது என்பது ஊரறிந்த நம்பிக்கை. அவளும் அதை நம்பி, குடும்பத்தின் தொப்பிக் கடையில் இருந்து தொப்பிகளோடு கதைத்துக்கொண்டே நாளைப் போக்குகிறாள். ஒருநாள் சூனியக்காரி ஒருத்தி கடைக்கு வந்து அவளைத் தொண்ணூறு வயதுக் கிழவியாக்கிவிட்டுப் போகிறாள். அந்தச் சாபத்தைப் பற்றி யாரிடமும் வாய் திறந்து சொல்லவும் முடியாது. வேறு யாராவது எழுதியிருந்தால் இந்த இடத்தில் பத்துப் பக்கம் அழுகை வந்திருக்கும். சோஃபிக்கோ, கிழவியானதும் பயம் விட்டுப் போகிறது. மந்திரவாதி ஹவுலின் நகரும் கோட்டைக்குள் அழையாமல் நுழைந்து, துப்புரவு செய்ய வந்தவள் நான் என்று தானே சொல்லிக்கொண்டு, எல்லோரையும் அதட்டத் தொடங்குகிறாள்.

பெண்களின் இதயத்தைத் தின்பவன் என்று ஊர் நடுங்கும் அந்த ஹவுல், குளியலறைக்குள் போனால் மணிக்கணக்கில் வெளியே வரமாட்டான். தட்டில் இருந்த போத்தல்களை சோஃபி ஒழுங்குபடுத்துகிறேன் என்று இடம் மாற்றி வைத்துவிட, அவனுடைய தலைமயிரின் நிறம் மாறிவிடுகிறது. அதற்குக் கத்திக் குளறி, கடைசியில் உடம்பெல்லாம் பச்சைக் கூழ் வழிய அசையாமல் இருந்துவிடுகிறான். காலை பஸ்ஸில் நின்றபடி அதை வாசித்துச் சிரித்ததில் பக்கத்து சீட் அன்ரி என்னைத் திரும்பிப் பார்த்தார்.

காதல் எங்கே என்றால், அது ஒளிந்து கிடக்கிறது. (முடிவு தெரிய வேண்டாம் என்பவர்கள் அடுத்த பந்திக்குப் போங்கள்.) அவள்மேல் சாபம் இருப்பது ஹவுலுக்கு ஆரம்பத்திலேயே தெரியும். அதை நீக்கச் சொல்லாமல் கொள்ளாமல் முயன்றும் பார்த்திருக்கிறான். நீங்காதபோது, இவள் விரும்பித்தான் இந்தக் கிழவி வேடத்தில் இருக்கிறாள் என்று முடிவெடுத்து விட்டுவிடுகிறான். அந்த வரி வந்ததும் நான் திரும்ப முதலாம் அத்தியாயத்துக்குப் போனேன்.

அம்மாவுக்குக் கதையைச் சொன்னேன். சம்பலுக்குத் தேங்காய் துருவிக்கொண்டே கேட்டுவிட்டு, “தொண்ணூறு வயசெண்டால் முழங்கால் நோகுமே, அதை எழுதியிருக்கிறாளோ?” என்றார். “எழுதியிருக்கிறார், அம்மா, மூட்டு கிறீச்சிடுவதில் இருந்து நெஞ்சு குத்துவது வரை” என்றேன். அதற்குப் பிறகுதான் அம்மா கதையை மதித்தார்.

நவோமி நோவிக்கின் ‘அப்ரூட்டட்’, 2015இல் வந்தது. பத்து வருடத்துக்கு ஒரு பெண்ணைத் தன் கோபுரத்துக்குக் கொண்டுபோகும் முசுடு மந்திரவாதியும், எந்த உடுப்பைப் போட்டாலும் அரை மணித்தியாலத்தில் ஊத்தையாக்கிவிடும் அக்னியெஷ்காவும். அவன் மந்திரம் சூத்திரம்போல ஒழுங்கு, அவளுடையது வாய்க்கு வந்த பாட்டு. இருவரும் சேர்ந்து ஒரு ரோசாப்பூவை மாயத்தால் வரவழைக்கும் காட்சி ஒன்று போதும், பக்கம் பக்கமாக முத்தம் வேண்டாம். பிற்பகுதியில் போர் நீண்டுகொண்டே போகிறது, அங்கே நான் கொஞ்சம் தாவித்தான் வாசித்தேன்.

இப்போது எல்லோரும் கையில் வைத்திருக்கும் தடித்த தேவதைக் காதல் தொடர் ஒன்றையும் ஒரு தோழி தந்தாள். நாயகனுக்கு ஐந்நூறு வயது, கோபம் மட்டும் ரியூசன் பெடியனுடையது. பாதியில் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

அப்புறம் எங்கள் ஊர்க் கதை. ஷெஹான் கருணாதிலகவின் ‘த செவன் மூன்ஸ் ஒஃப் மாலி அல்மேதா’, 2022இல் புக்கர் பரிசு வாங்கியது. அரசியல் நாவல் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். நான் அதைக் காதல் கதையாகவே வாசித்தேன். 1990இல் கொழும்பில் கொல்லப்பட்ட புகைப்படக்காரன் மாலிக்கு, தன்னைக் கொன்றது யார் என்று கண்டுபிடிக்க ஏழு நிலா, அதாவது ஏழு இரவு. பேய்களுக்கு ஒரு சட்டம் இருக்கிறது: உயிரற்ற உடல் போன இடத்துக்குப் போகலாம், இல்லையென்றால் யாராவது பெயரைச் சொல்லும் இடத்துக்குப் போகலாம். மாலி நேசித்தவன் டிடி, ஒரு தமிழ்ப் பெடியன். அவன் வாயில் மாலியின் பெயர் வரும்போது இவன் காற்றில் ஏறிப் போய்ப் பக்கத்தில் நிற்கலாம், ஆனால் ஒரு சொல் சொல்ல முடியாது. நல்ல மாயக்கதையில் மாயம் காதலுக்கு உதவி செய்யாது, குறுக்கே நிற்கும். சோஃபிக்கும் அதே கதைதானே, வாய் திறந்து சொல்ல முடியாது.

மாலியின் உடலைப் போடுவது கொழும்பு பேரே வாவியில். எத்தனையோ தடவை மூக்கைப் பொத்திக்கொண்டு கடந்த தண்ணீர். இப்போது அந்தப் பக்கம் போனால் கண் தானாகத் தண்ணீருக்குப் போகிறது.

இவ்வளவும் வாசித்த பிறகு பூங்குழலி ஞாபகம் வந்தாள். கோடிக்கரைச் சதுப்பில் இரவில் குப்பென்று எழும் தீயை வந்தியத்தேவனுக்குக் காட்டி, கொள்ளிவாய்ப் பேய்கள்தான் தன் காதலர்கள் என்கிறாளே, அந்த ஓடக்காரி. காதலையும் மாயத்தையும் கல்கி 1950களிலேயே ஒரே சேற்றில் கலந்து வைத்திருக்கிறார். திரும்ப வாசிக்கலாம் என்று அம்மாவின் ‘பொன்னியின் செல்வன்’ ஐந்து பாகங்களையும் தேடினேன். நாலுதான் கிடைத்தது. வந்தியத்தேவன் இலங்கைக்கு வருகிற இரண்டாம் பாகத்தை மட்டும் எந்தக் காலத்திலோ யாரோ இரவல் கொண்டுபோயிருக்கிறார்கள். மட்டக்குளி மாமிதான் என்று அம்மா சத்தியம் செய்கிறார், மாமி இல்லை என்கிறார்.