கடை வாசலில் அவசரப் பள்ளம்: மானியம் கேட்கும் முன் செய்ய வேண்டியவை

வாசகர் கேள்வி: "எங்கள் தெருவில் பிரதான குடிநீர்க் குழாய் உடைந்து, அவசரப் பணி என்று சாலையை அடைத்துவிட்டார்கள். வாரக்கணக்கில் வண்டி எதுவும் வர முடியவில்லை, கடையில் வியாபாரம் பாதிகூட இல்லை. அரசு மானியம் தருமா? எவ்வளவு கேட்கலாம், எதைக் காட்டிக் கேட்பது?"

கிடைக்க வாய்ப்பு உண்டு, ஆனால் மானியம் வேறு, இழப்பீடு வேறு, கடன் வேறு. இந்த மூன்றையும் குழப்பிக்கொண்டு தவறான அலுவலகத்துக்கு அலைந்து காலக்கெடுவைத் தவறவிடுகிறவர்கள் நிறைய பேர்.

மானியம் என்பது அரசோ நகராட்சியோ தானாக முன்வந்து தருவது. இருக்கும் நிதியைப் பொறுத்தது, உரிமை என்று வாதாட முடியாது. பெரும்பாலும் உச்சவரம்பும் தகுதி வரம்பும் இருக்கும். லாஸ் ஏஞ்சல்ஸில் மெட்ரோ ரயில் பணியால் பாதிக்கப்பட்ட சிறு கடைகளுக்கான நிதியில் ஆண்டுக்கு 50,000 டாலர் வரைதான். அதற்கும் 25 பேருக்கு மேல் ஊழியர் இருக்கக் கூடாது, தொழில் தொடங்கி குறைந்தது இரண்டு ஆண்டு ஆகியிருக்க வேண்டும், கடை ரயில் பாதையை ஒட்டி இருக்க வேண்டும். அது திட்டமிட்ட கட்டுமானம். அவசரப் பணி என்றால் மானியத் திட்டமே பணி தொடங்கிய பிறகுதான் அறிவிக்கப்படும், அதனால் அறிவிப்பு வரும்வரை சும்மா இருக்காதீர்கள்.

இழப்பீடு என்பது சட்டப்படி கேட்பது. தோண்டியது யார் என்பதை முதலில் கண்டுபிடியுங்கள்: நகராட்சியா, குடிநீர் நிறுவனமா, எரிவாயு நிறுவனமா? இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1991-ஆம் ஆண்டின் குடிநீர்த் தொழில் சட்டப்படி, சாலைப் பணியால் வந்த நஷ்டத்தைக் குடிநீர் நிறுவனத்திடமே கேட்கலாம். எரிவாயுப் பணிக்கு, சிறு தொழில்களுக்கென்றே 1996-இல் தனி விதிமுறை வந்தது. உங்கள் ஊர்ச் சட்டத்தில் இப்படி ஏதாவது இருக்கிறதா என்று ஒரு வழக்கறிஞரிடம் ஒருமுறை கேட்டுவிடுங்கள், அந்தச் செலவு வீண்போகாது.

மூன்றாவது கடன். 2023 டிசம்பரில் அமெரிக்காவின் ரோட் ஐலண்ட் மாநிலத்தில் வாஷிங்டன் பாலத்தின் ஒரு பக்கம் திடீரென மூடப்பட்டபோது, பாதிக்கப்பட்ட சிறு தொழில்களுக்கு மத்திய அரசு முகமை திறந்துவிட்டது குறைந்த வட்டிக் கடனைத்தான். செய்தியில் 'உதவி' என்று வந்தால், திருப்பிக் கட்ட வேண்டுமா என்பதை முதலில் பாருங்கள்.

சரி, எவ்வளவு கேட்பது? இங்கேதான் பெரும்பாலான விண்ணப்பங்கள் அடிபடுகின்றன, ஏனென்றால் விற்பனை குறைந்த தொகையை அப்படியே நஷ்டம் என்று எழுதிவிடுகிறார்கள். பரிசீலிப்பவர் பெரும்பாலும் பார்ப்பது மொத்த லாபத்தை, அதாவது விற்பனையில் கொள்முதல் செலவு போக மிஞ்சுவதை. வழக்கமாக ஒரு மாதத்தில் 10 லட்சத்துக்கு விற்று, இந்த மாதம் 6 லட்சம் என்றால் விற்பனைக் குறைவு 4 லட்சம். ஆனால் விற்பனையில் 65 சதவீதம் கொள்முதலுக்கே போகிறது என்றால், விற்காத சரக்குக்கு நீங்கள் செலவழிக்கவில்லை, ஆக உண்மையான நஷ்டம் 1,40,000. அதோடு பணியால் கூடுதலாக ஆன செலவு இருந்தால் சேர்க்கலாம்: தண்ணீர் லாரி, சரக்கைத் தூரத்திலிருந்து சுமந்து வந்த கூலி, அழுகிப்போன பொருள். ஆள் குறைத்ததால் மிச்சமான சம்பளத்தையும் மின்கட்டணத்தையும் நீங்களே கழித்துக் காட்டுங்கள், அவர்கள் கண்டுபிடித்துக் கழிப்பதைவிட அது நல்லது.

ஒப்பிடுவது போன மாதத்தோடு அல்ல, போன வருடம் இதே மாதத்தோடு. பண்டிகை, விடுமுறை எல்லாம் அதில்தான் சமப்படும். இரண்டு மூன்று வருடக் கணக்கு இருந்தால் இன்னும் பலம். வரிக் கணக்கில் காட்டாத விற்பனையை இங்கே நஷ்டமாகக் காட்ட முடியாது, காட்டவும் கூடாது. விண்ணப்பத்தையும் வரித் தாக்கலையும் அருகருகே வைத்துத்தான் பார்ப்பார்கள்.

இன்றைக்கே தொடங்க வேண்டிய வேலை ஆதாரம் சேர்ப்பது. தினமும் ஒரே இடத்திலிருந்து தேதி தெரியும்படி ஒரு படம் எடுங்கள்: தடுப்பு எங்கே, வாசலுக்கு வழி இருக்கிறதா, தண்ணீர் வந்ததா என்பது அதில் தெரிய வேண்டும். சாலை மூடல் அறிவிப்பு, ரத்தான ஆர்டர், திருப்பி அனுப்பப்பட்ட சரக்கு பில் எல்லாவற்றையும் ஒரே கோப்பில் போடுங்கள். அப்புறம், பணி செய்யும் துறைக்கு இப்போதே எழுத்தில் தெரிவித்துவிடுங்கள்; பாதிப்பு நடந்துகொண்டிருந்தபோதே சொன்னவரின் கடிதத்துக்குப் பின்னாளில் மதிப்பு அதிகம்.

காப்பீட்டையும் எடுத்துப் பாருங்கள். தொழில் முடக்கக் காப்பீடு பொதுவாக உங்கள் சொத்துக்கே சேதம் வந்தால்தான் செல்லும். ஆனால் அணுகல் தடைபடுவதற்கும் தண்ணீர், மின்சாரம் நிற்பதற்கும் தனிப் பிரிவு சேர்த்திருக்கலாம், அதற்குக் காத்திருப்பு நேரமும் இருக்கும், அதாவது தொடக்கத்தில் குறிப்பிட்ட நேரத்துக்கான நஷ்டத்துக்குப் பணம் கிடைக்காது. ஒரே நஷ்டத்துக்கு இரண்டு இடத்தில் பணம் வாங்க முடியாது. காப்பீட்டுத் தொகை கேட்டிருந்தால் மானிய விண்ணப்பத்தில் மறைக்காமல் எழுதுங்கள். பல நாடுகளில் மானியம் வருமானமாகக் கருதப்பட்டு வரிக்கும் உட்படும், ஆடிட்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். வாடகைக் கடை என்றால், கடைக்கு வழியில்லாத காலத்தில் வாடகை குறையும் என்று ஒப்பந்தத்தில் ஏதாவது விதி இருக்கிறதா என்றும் தேடுங்கள்.

'உங்கள் கடை மானியம் தரும் பகுதியின் எல்லைக்கு வெளியே' என்று நிராகரித்தால் விட்டுவிடாதீர்கள். வரைபடத்தில் எல்லை போடுபவர்கள் முன்வாசலைத்தான் பார்க்கிறார்கள், வாடிக்கையாளரும் சரக்கும் வரும் ஒரே வழி மூடியிருப்பது அதில் தெரியாது. நிராகரித்த காரணத்தை எழுத்தில் வாங்கி, அந்த வழியைக் காட்டும் படங்களோடு மேல்முறையீடு செய்யுங்கள்.