வாரிக் கொடுத்தது வீணா?

கேள்வி: கனடாவின் மேற்குக் கரைப் பழங்குடிகள் ‘பாட்லாட்ச்’ என்று விருந்து வைத்து, கம்பளி, படகு என இருப்பதையெல்லாம் வாரிக் கொடுத்துவிட்டு ஆண்டியாவார்களாமே! அரசாங்கம் அதைத் தடை செய்தது அவர்கள் நன்மைக்குத்தானே? (ஒரு வாசகர், கரூர்)

பதில்: இல்லை. தடை போட்டவர்கள் சொன்ன காரணத்தை அப்படியே நம்பிவிட்டீர்கள்.

பிரிட்டிஷ் கொலம்பியாவின் குவாக்வகவாக்வ் மக்களுக்கு அந்த விருந்துதான் பதிவு அலுவலகம். ஒருவருக்குப் பட்டம் சூட்டினாலும், கல்யாணம் நடந்தாலும், இறந்தவரின் பெயரும் நடனமும் முகமூடியும் யாரைச் சேரும் என்று முடிவானாலும், ஊரைக் கூட்டி அறிவிக்க வேண்டும். வந்தவர்கள் அத்தனை பேரும் சாட்சிகள். அவர்களுக்குத் தரும் கம்பளியும் மாவு மூட்டையும் சாட்சியத்துக்கான ஊதியம். வாங்கிக்கொண்டவர் பிறகு ‘எனக்குத் தெரியாது’ என்று கைவிரிக்க முடியாது. கொடுத்தவரும் ஆண்டியாவதில்லை. இன்று வாங்கியவர் நாளை தம் வீட்டு விருந்தில் திருப்பிச் செய்வார்.

போட்டி இருந்தது, உண்மை. எதிராளியைத் தலைகுனிய வைக்க, மதிப்பு மிக்க செப்புத் தகடுகளை உடைத்ததும் உண்டு. ஆனால் அந்த வேகம் கூடிய காலத்தையும் பார்க்க வேண்டும். 1862இல் விக்டோரியாவிலிருந்து பரவிய பெரியம்மை ஊர் ஊராக மக்களைக் கொன்றது. பட்டங்கள் வாரிசில்லாமல் கிடந்தன. கூலி வேலையில் புதுப்பணம் புழங்கியது. ஒரே பட்டத்துக்குப் பலர் உரிமை கேட்டார்கள்.

1884இல் கொண்டுவந்த சட்டத் திருத்தத்தின்படி விருந்து நடத்தினால் இரண்டு முதல் ஆறு மாதம் வரை சிறை. 1921 டிசம்பரில் அந்த மக்களில் ஒருவரான டான் கிரேன்மர் வில்லேஜ் தீவில் பெரிய விருந்து நடத்தினார். படகுகள், தையல் இயந்திரங்கள், கிராமபோன்கள் எல்லாம் கொடுத்தார். 45 பேர் மேல் வழக்கு. குற்றம் என்ன தெரியுமா? மேடையில் பேசியது, ஆடியது, பரிசை எடுத்துப்போய்க் கையில் கொடுத்தது! அவர்களை மேய்க்க வந்த அரசு அதிகாரி வில்லியம் ஹாலிடேயே நீதிபதியாகவும் உட்கார்ந்தார். முகமூடிகளையும் செப்புத் தகடுகளையும் ஊரே சேர்ந்து ஒப்படைத்தால் தண்டனை நிறுத்திவைக்கப்படும் என்று பேரம் நடந்தது. இணங்காத ஊர்க்காரர்கள் ஓகல்லா சிறைக்குப் போனார்கள்.

பறித்த பொருள்களில் சிலவற்றை நியூயார்க்கின் ஜார்ஜ் ஹேய் என்ற சேகரிப்பாளருக்கு ஹாலிடே 291 டாலருக்கு விற்றார். மற்றவை ஒட்டாவா, டொராண்டோ அருங்காட்சியகங்களுக்குப் போயின. விருந்து வைத்தவரை ஊதாரி என்று தண்டித்துவிட்டு, அவர் வீட்டுச் சொத்தை விற்பது எந்த ஊர் நன்மை?

1951இல் சட்டத்தைத் திருத்தி எழுதியபோது அந்தப் பிரிவைச் சத்தமில்லாமல் விட்டுவிட்டார்கள். பொருள்கள் திரும்ப மேலும் சுமார் முப்பது ஆண்டுகள் ஆயின. அதற்கும் ஒரு நிபந்தனை: அருங்காட்சியகம் கட்டினால்தான் தருவோம். தங்கள் சொந்தப் பொருளைப் பெறுவதற்காக அந்த மக்கள் கேப் மட்ஜில் 1979இலும் அலர்ட் பேயில் 1980இலும் கட்டடம் எழுப்பினார்கள்.