இரையும் காரை விற்றுவிட்டு லீசிங் எடுக்கலாமா?

கேள்வி: ஐயா, என்னிடம் இருப்பது 2003ஆம் ஆண்டு டொயோட்டா கொரொல்லா 121, ஓட்டோ கியர். மூன்று மாதமாக 50 கிலோமீற்றருக்கு மேல் போனால் அடியிலிருந்து 'ம்ம்ம்' என்று ஓர் இரைச்சல். கராஜ் பாஸ் ஒரு ரவுண்ட் ஓட்டிப் பார்த்துவிட்டு, கியர்பாக்ஸ் மாற்ற வேண்டும், 3 இலட்சத்து 20 ஆயிரம் ஆகும் என்கிறார். மச்சானோ, இதை விற்றுவிட்டு, மேலே 40 இலட்சம் லீசிங் போட்டுப் புதுசாக எடு என்கிறார். கைக்கு வரும் சம்பளம் 1 இலட்சத்து 85 ஆயிரம். மகளின் படிப்புக்கென்று வங்கியில் 9 இலட்சம் நிலையான வைப்பில் இருக்கிறது. என்ன செய்யலாம்? - தெஹிவளை வாசகர்

பதில்: லீசிங் கணக்கை முதலில் பார்த்துவிடுவோம். வட்டி 14 வீதம், ஐந்து வருடம் என்று வைத்துக்கொண்டால் 40 இலட்சத்துக்கு மாதத் தவணை ஏறத்தாழ 93 ஆயிரம். சம்பளத்தில் பாதி அதிலேயே போய்விடும். கட்டி முடிக்கும்போது கிட்டத்தட்ட 56 இலட்சம் கட்டியிருப்பீர்கள். அதுவரை ஃபுல் இன்சூரன்ஸும் வருடா வருடம் கட்டியாக வேண்டும், வாகனப் பதிவுப் புத்தகத்தில் முழு உரிமையாளராக லீசிங் கம்பெனியின் பெயர்தான் இருக்கும். பாஸ் சொன்ன கியர்பாக்ஸ் செலவு முழுவதும் சேர்ந்தாலும் மூன்றரை மாதத் தவணைதான். மச்சான் இந்தப் பெருக்கலைப் போட்டுப் பார்த்திருக்க மாட்டார்.

ஆனால் அந்த 3 இலட்சத்து 20 ஆயிரத்தையும் இப்போது எடுக்காதீர்கள். காரைத் தூக்காமல் கியர்பாக்ஸ் என்று முடிவு சொன்னது எனக்கு இடிக்கிறது. நானும் ஒரு காலத்தில் இப்படித்தான் ஒரு கராஜை நம்பி ஒவ்வொன்றாக மாற்றி, ஒரு இலட்சத்துக்கு மேல் கரைத்தேன். கடைசியில் பார்த்தால் பின் டயர் அலையலையாகத் தேய்ந்திருந்தது. அந்தக் கோபம் இன்னும் தீரவில்லை.

ஞாயிறு விடியற்காலையில் பேஸ்லைன் வீதி மாதிரி அகலமான இடமாகப் பார்த்து ஓட்டுங்கள். மரைன் டிரைவ் வேண்டாம், கடலும் ரயிலும் சேர்ந்து இரையும் இடத்தில் காரின் இரைச்சலைப் பிரித்துக் கேட்க முடியாது. ஒரே வேகத்தில் போகும்போது கியர் பிடியில் இருக்கும் ஓ/டி (ஓவர்டிரைவ்) பட்டனை அழுத்துங்கள். கியர் ஒன்று இறங்கும், இஞ்சினின் சுற்று ஏறும், காரின் வேகம் மாறாது. இரைச்சலும் மாறாவிட்டால் இஞ்சினை விட்டுவிடலாம். அக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததும் சத்தம் மாறுகிறதென்றால்தான் கியர்பாக்ஸ் பக்கம் சந்தேகம் போக வேண்டும்.

அப்புறம், பின்னால் வாகனம் இல்லாதபோது ஸ்டியரிங்கை மெல்ல வலப்பக்கமும் இடப்பக்கமும் அசையுங்கள். வலப்பக்கம் திருப்பும்போது கூடினால் பெரும்பாலும் இடப்பக்க வீல் பேரிங், அதாவது சக்கரத்தைத் தாங்கிச் சுழலவிடும் பாகம், ஏனென்றால் பாரம் அந்தப் பக்கம் சாயும். இடப்பக்கம் என்றால் மறுதலை. எப்படித் திருப்பினாலும் அப்படியே இருந்து, கார்பட் வீதியிலிருந்து கரடுமுரடான வீதிக்கு மாறும்போது மட்டும் சத்தம் வேறாகிறதா? டயரைத் தடவிப் பாருங்கள், மேடு பள்ளம் கையில் தட்டுப்படும். முன் டயரைப் பின்னுக்கும் பின்னதை முன்னுக்கும் மாற்றினால் சத்தமும் இடம் மாறும்.

இதையெல்லாம் குறித்துக்கொண்டு வேறொரு கராஜுக்குப் போங்கள். ஜாக்கில் தூக்கி, ஒரு கையால் சக்கரத்தைச் சுற்றிக்கொண்டு மறு கையை ஸ்பிரிங்கில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். பேரிங் போயிருந்தால் கரகரவென்று கைக்குத் தெரியும். பார்ப்பதற்குக் கூலி கேட்டால் தாராளமாகக் கொடுங்கள், இந்த விவகாரம் முழுவதிலும் உங்களுக்கு லாபம் தரப்போகும் செலவு அது ஒன்றுதான். பேரிங்தான் என்றால், கியர்பாக்ஸ் விலைக்குப் பக்கத்தில் அது சில்லறைக் காசு. பஞ்சிகாவத்தையில் இரண்டு மூன்று உதிரிப்பாகக் கடை ஏறி இறங்குங்கள். டூப்ளிகேட் வாங்கினால் அடுத்த வருடமும் இதே கடிதத்தை எனக்கு எழுதுவீர்கள்.

காரை விற்பது வேறு கதை. 2020 மார்ச்சில் இறக்குமதி நின்றபோது பழைய கார்கள் தாறுமாறாக விலை ஏறின, 2025 பெப்ரவரியில் தனியார் வாகனங்களுக்குக் கதவு மறுபடி திறந்தது. விலை போக்கைப் பார்த்து ஒருநாள் விற்க நினைத்தால் விற்கலாம். இரையும் காரை மட்டும் விற்காதீர்கள். வாங்க வருபவரும் கியர்பாக்ஸ் என்றே நினைத்து, அந்த 3 இலட்சத்துக்கு மேலேயே குறைத்துக் கேட்பார்.

உண்மையிலேயே கியர்பாக்ஸ் என்று உறுதியானால் இரண்டு கராஜில் எழுத்தில் விலை வாங்குங்கள். அப்போதும் மகளின் வைப்பை உடைக்க வேண்டாம், தவணைக்கு முன் உடைத்தால் வட்டியில் வெட்டு விழும். அந்த வைப்பையே ஈடாக வைத்து வங்கியில் சிறு கடன் எடுத்து, சம்பளத்திலிருந்து ஒரு வருடத்துக்குள் அடைத்துவிடலாம். பேரிங் என்று தெரிந்தால் மட்டும் தள்ளிப்போடாதீர்கள். முற்றிவிட்டால் சக்கரமே ஆடத் தொடங்கும், மாற்றும்வரை யாழ்ப்பாணம் மாதிரித் தூரப் பயணம் வந்தால் பஸ்ஸில் போய்வாருங்கள்.