சாஃபோ கவிதைக்கு மெட்டு போடறீங்களா? 4/4ஐ கொஞ்சம் தள்ளி வைங்க

கேள்வி: காலேஜ் கொயருக்காக சாஃபோவோட காதல் கவிதை ஒண்ணுக்கு மெட்டு போட்டுட்டிருக்கேன். 4/4ல எழுதினா வார்த்தை உட்காரவே மாட்டேங்குது. கிரேக்கத்துலயே பாடணுமா, மொழிபெயர்ப்பு போதுமா?

உட்காராதுங்க, ஏன்னா அதுக்குள்ள ஏற்கனவே ஒரு தாளம் இருக்கு, நீங்க அது மேல 4/4ங்கற இன்னொண்ண, அதாவது சுத்துக்கு நாலு அடி தாளத்த, ஏத்துறீங்க. கி.மு. 600 வாக்குல லெஸ்போஸ் தீவுல இருந்த சாஃபோ இதையெல்லாம் லைர்ங்கற தந்தி வாத்தியத்த மீட்டி பாடறதுக்குன்னே கட்டினாங்க, மெட்டு ஒண்ணு கூட நமக்கு கிடைக்கல, ஆனா எந்த அசை நீளம் எது குட்டைங்கறது மட்டும் வார்த்தைக்குள்ளயே பத்திரமா இருக்கு. நம்ம குறில் நெடில் தான், குறிலுக்கு பின்னாடி ஒற்று வந்தா அதையும் நீளமா கணக்கு பண்ணணும்.

காதல் தெய்வம் அஃப்ரோடைட்டிய கூப்பிடற பாட்டோட மொதல் வரிய வாய் விட்டு சொல்லி பாருங்க: பொய்-கி-லொத்-ரொ-நா-த-ந-தஃப்-ரொ-தீ-த. 11 அசை. கடைசி அசை குறிலா இருந்தாலும் வரி முடியற இடம்கறதால நீட்டிக்கலாம். நீளத்துக்கு ரெண்டு க்வேவர் (அரை அடி நோட்), குட்டைக்கு ஒண்ணுன்னு கூட்டினா 17 வருது, ஒரு 4/4 பார்ல (தாளத்தோட ஒரு சுத்துல) 8 தான் அடங்கும், இத எப்படிங்க அதுல அடைப்பீங்க? இந்த மாதிரி மூணு வரி, அப்புறம் 5 அசைல ஒரு குட்டி வரி, அது சரியா 8 க்வேவர். மூணு வரி ஓடிட்டு வந்து அந்த குட்டி வரில இறங்கறப்போ மனசு அப்படியே அடங்கும், எனக்கு இந்த செய்யுள் வடிவத்துல ரொம்ப பிடிச்ச இடமே அதுதான். அதனால மொதல்ல பார் லைன் இல்லாம எழுதுங்க, கொயர பாட விடாதீங்க, ரெண்டு நாள் கை தட்டி சொல்ல மட்டும் வைங்க, மெட்டு தானா வரும்.

மொழி உங்க இஷ்டம். இசையமைப்பாளர் கார்ல் ஓர்ஃப் 'அஃப்ரோடைட்டியின் வெற்றி'ல சாஃபோவ கிரேக்கத்துலயே பாட வெச்சார், இன்னொரு இசையமைப்பாளர் தல்லாபிக்கோலா 1942ல அஞ்சு துண்டுகளுக்கு (அரைகுறையா மிஞ்சின கவிதைகளுக்கு) இசை போட்டப்போ கவிஞர் குவாசிமோதோவோட இத்தாலிய மொழிபெயர்ப்ப எடுத்துக்கிட்டார், ரெண்டுமே நிக்குது. ஆனா மொழிபெயர்ப்புன்னா அந்த 17 கணக்கு போயிடும், புது மொழியோட ஓட்டத்துக்குதான் எழுதணும். காப்பிரைட்டும் பாருங்க, சாஃபோவுக்கு கிடையாது, மொழிபெயர்த்தவங்களுக்கு இருக்கலாம். இன்னொண்ணு, டெபுஸ்ஸியோட 'பிலிடிஸ் பாடல்கள்' அருமையான இசைதான், ஆனா அத பழைய கிரேக்க கவிதைக்கு மாதிரியா வெச்சுக்காதீங்க, அந்த வரிகள் பிரெஞ்சு எழுத்தாளர் பியேர் லூயிஸ் 1894ல தானே எழுதி பழைய கிரேக்கம்னு வெளியிட்டது.

எந்த கவிதைன்னு நீங்க சொல்லல. இன்னும் முடிவு பண்ணலன்னா சாஃபோவோட 31ம் துண்ட எடுங்க. காதலிக்கறவள பார்த்ததும் பாடறவளுக்கு நாக்கு உடையுது, தோலுக்கு அடியில மெல்லிசா நெருப்பு ஓடுது, கண்ணு தெரியல, காது இரையுது, வேர்க்குது, நடுங்குது, புல்ல விட வெளிறி போறா, ஒவ்வொண்ணுக்கும் ஒரு குரல சேர்த்துட்டே போகலாம், கொயருக்குன்னே எழுதின மாதிரி இருக்கும். 'ஆனா எல்லாத்தையும் தாங்கிக்கலாம்'னு ஆரம்பிச்சதும் கவிதை அறுந்துடுது, மிச்சம் சரியா கிடைக்கல. நீங்களா எதையும் சேர்த்து முடிக்காதீங்க, மத்த குரலெல்லாம் நின்னதும் ஒரே ஒரு சொப்ரானோவ (உச்ச பெண் குரல) அந்த கடைசி நோட்ல ரிசால்வ் பண்ணாம, அதாவது மெட்ட முடிச்சு வைக்காம, அப்படியே விட்டுடுங்க.